அரண்மனையும் கடலும்: ஒருநாள் பாடம்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

முன்னுரை

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. வரலாற்றுப் பாடத்தில் மன்னர்களின் பெயர்களையும் போர்கள் நடந்த ஆண்டுகளையும் நாம் மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் அவற்றுள் பாதி மறந்துபோகிறது. அந்த இடத்துக்கே சென்று, விவரம் அறிந்த ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டுப் பார்த்தால் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

சென்ற காலாண்டு விடுமுறையில் அப்பா, அம்மா, அம்மாச்சி, தம்பி, நான் ஆகிய ஐவரும் ஒரு வாடகைக் காரில் கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் சென்றோம். பத்மநாபபுரம் அரண்மனையையும் அதை அடுத்த கடற்கரையையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பினோம். அரண்மனையை மட்டும் பார்த்து வருகிறவர்கள் பலர். கடற்கரையை மட்டும் பார்த்து வருகிறவர்கள் அதைவிடப் பலர். இரண்டையும் ஒரே நாளில், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

வழிகாட்டி தந்த மூன்று பத்திகள்

எங்களுக்கென்று ஒரு வழிகாட்டியை அப்பா ஏற்பாடு செய்திருந்தார். அவர் நாகர்கோவிலைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். என்னென்ன இடங்கள், எத்தனை மணி நேரம், எவ்வளவு கட்டணம் என்பவற்றையெல்லாம் முன்னதாகவே பேசி முடித்துக்கொண்டார்கள்.

காரில் ஏறியதும் அவர் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டார். முதல் பத்திக்கு 'கண்ணால் கண்டது', இரண்டாவதற்கு 'கல்லிலும் ஏட்டிலும் உள்ளது', மூன்றாவதற்கு 'சொல்லக் கேட்டது' என்று தலைப்பு எழுதினார்.

"மக்களே, நான் சொல்லியதை எல்லாம் ஒரே பக்கத்துல எழுதப்பிடாது. எது எந்தப் பத்திக்குப் போகும்னு பாத்து எழுதணும். அதுதான் சரித்திரம்" என்றார். (கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளை ஒன்றே என்றாலும் 'மக்களே' என்றுதான் அழைப்பார்கள்.)

அரண்மனைக்குத்தான் முதலில் போவோம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவரோ, "மொதல்ல கடலுக்குப் போவோம். ராசாவுக்குத் துட்டு எங்கேருந்து வந்துதுன்னு தெரிஞ்சாத்தான் கொட்டாரம் வெளங்கும்" என்றார். 'கொட்டாரம்' என்பது அரண்மனைக்கு அந்தப் பக்கத்து மக்கள் வழங்கும் பெயர்.

குளச்சல் துறை

நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டு, நாகர்கோவிலில் ஆசிரியரை ஏற்றிக்கொண்டு, குளச்சலை அடைந்தபோது நன்றாக விடிந்திருந்தது. கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சாளையும் அயிலையும் நெத்திலியும் கூடை கூடையாக வந்து இறங்கின.

என் அம்மாச்சி குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவர். அங்கே இறங்கியதும் அவரே எங்களுக்கு வழிகாட்டியாகிவிட்டார். கரமடி வலையை இரண்டு அணியாகக் கரையில் நின்று இழுக்கும் முறையையும், கச்சான் காற்று, கொண்டல் காற்று, வாடைக் காற்று என்று காற்றுகளுக்குள்ள பெயர்களையும், எந்தக் காற்றுக்குக் கடலில் இறங்கலாம், எதற்கு இறங்கலாகாது என்பதையும் அவர் சொன்னார். ஆசிரியர் ஐயா தம் பேச்சை நிறுத்திக்கொண்டு, "சொல்லுங்கம்மா, இது எனக்கே புதுசு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் பத்தி அங்கேயே பாதி நிறைந்துவிட்டது.

பின்னர் போர் நினைவுத் தூணருகே நின்று ஆசிரியர் பாடம் தொடங்கினார். திருவிதாங்கூர் மலைநாட்டில் நல்லமிளகு விளைந்தது. அதை மலிவாக வாங்கி ஐரோப்பாவில் விற்பதற்கு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் போட்டியிட்டனர். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளைத் தம் நாட்டோடு இணைத்துக்கொண்டே வந்ததால், தங்கள் மிளகு வாணிகம் கெட்டுப்போகும் என்று கம்பெனியார் அஞ்சினர். 1741-ஆம் ஆண்டு அவர்களுடைய படை இலங்கையிலிருந்து கப்பலில் வந்து குளச்சலில் இறங்கி, பத்மநாபபுரத்தை நோக்கி முன்னேறியது. துறையிலிருந்து அரண்மனை சுமார் 15 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் அப்படை குளச்சலில் தோற்றுச் சரணடைந்தது. இது இரண்டாம் பத்திக்குரியது.

இந்தப் போரில் மீனவர்களும் மன்னருக்குத் துணை நின்றார்கள் என்றும், கடலோரத்தில் துடுப்புகளைப் பீரங்கிகள் போல நிறுத்திவைத்துக் கப்பலில் இருந்தோரை மிரட்டினார்கள் என்றும் அப்பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. "எங்க தாத்தாவும் இதைச் சொல்லுவாரு" என்றார் அம்மாச்சி. இதை மூன்றாம் பத்தியில் எழுதினேன்.

அருகில் உள்ள சுனாமி நினைவிடத்துக்கும் சென்றோம். 26-12-2004 அன்று வந்த ஆழிப்பேரலை இந்தக் கரையில் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் குழந்தைகளும் பலர். அம்மாவும் அம்மாச்சியும் மெழுகுதிரி ஏற்றி, ஜெபமாலை சொல்லி முடிக்கும் வரை ஆசிரியர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார்.

உதயகிரிக் கோட்டை

குளச்சலிலிருந்து தக்கலைக்கு வந்தோம். அரண்மனைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. பெரிய பெரிய கருங்கற்களால் ஆன மதில், ஒரு குன்றைச் சுற்றி வளைத்து நிற்கிறது. இப்போது உள்ளே தமிழக வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது.

குளச்சலில் சரணடைந்தவர்களுள் டிலனாய் என்னும் படைத் தலைவரும் ஒருவர். மார்த்தாண்ட வர்மர் அவரைத் தம்மிடமே வேலைக்கு அமர்த்திக்கொண்டார். நேற்றைய எதிரி இன்றைய தளபதியானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்தார். கோட்டைகளைத் திருத்திக் கட்டினார். இந்தக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறையும் நடத்தினார். மக்கள் இதைத் 'தில்லானைக் கோட்டை' என்றும் அழைப்பதுண்டு. கூரை இல்லாத ஒரு சிறு கோயிலுக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் இறந்தது 1777-ஆம் ஆண்டு. கல்லறைக் கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர் மனைவியும் மகனும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

நம் பள்ளியில் அனைவரும் அறிந்த புனித தேவசகாயத்தின் வரலாறும் இங்கேதான் தொடங்குகிறது. நட்டாலத்தில் பிறந்து அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, டிலனாயோடு பழகி அவர் வழியாக விசுவாசத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று 'தேவசகாயம்' என்னும் பெயரைப் பெற்றார். பின்னர் அரச தண்டனைக்கு ஆளாகிப் பல துன்பங்களை அனுபவித்து, 14-1-1752 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவர் கல்லறை உள்ளது. 15-5-2022 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். போர்க்கைதியான அன்னியர் தளபதியாக உயர்ந்ததும், அரண்மனையிலே பணி செய்த சொந்த நாட்டவர் கைதியாகி மாண்டதும் ஒரே மன்னரின் காலத்தில் நடந்தவை. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதி வைத்தேன்.

பத்மநாபபுரம் அரண்மனை

முன்பு கல்குளம் என்று வழங்கிய இவ்வூர், திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தது. அரண்மனை 1601 அளவில் தொடங்கப்பட்டதென்றும், மார்த்தாண்ட வர்மர் காலத்தில் விரிவாகக் கட்டப்பட்டதென்றும் கூறுவர். 1750-இல் அவர் தம் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்து, இறைவனின் ஊழியனாக ஆட்சி நடத்தினார். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1-11-1956 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்தபோதும், அரண்மனையைக் காக்கும் பொறுப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடமே நின்றது. ஆகவே நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத்தில்!

வாயிலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். அம்மாச்சி மட்டும் வெளியே தயங்கி நின்றார். பிறந்த ஊரிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இருந்தும், எழுபத்தெட்டு வயது வரை அவர் இந்த அரண்மனைக்குள் வந்ததில்லையாம். சின்ன வயதில் அவருடைய அம்மா, "அது ராசாக்கமாருக்க எடம். நம்மள உள்ள விடமாட்டாங்க" என்று சொல்லியிருந்தாராம்.

"நாமளும் உள்ள போலாமா, சார்?" என்று அவர் கேட்டார்.

"டிக்கெட்டு இருக்குல்லா அம்மா? இப்ப ராசா வந்தாலும் செருப்பக் கழத்திட்டுத்தான் வரணும்" என்றார் ஆசிரியர். அம்மாச்சி சிரித்துக்கொண்டே படியேறினார்.

முதலில் பூமுகம். மேற்கூரையின் மரப்பலகையில் விதவிதமான பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்று போல் மற்றொன்று இல்லை. மாடியில் மந்திரசாலை. மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய இடம். சன்னல்களில் மரச்சட்டங்களைச் சாய்வாக வைத்திருப்பதால் வெயில் உள்ளே வராமல் காற்று மட்டும் வருகிறது. வெளியே வியர்த்து வந்த எங்களுக்கு உள்ளே நுழைந்ததும் குளிர்ந்தது. மழை மிகுந்த நாடாகையால் ஓட்டுக் கூரைகளை நல்ல சரிவாக அமைத்திருக்கிறார்கள். இவை முதல் பத்திக்கு உரியவை.

தரை கறுப்புக் கண்ணாடி போலப் பளபளக்கிறது. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து இழைத்தார்கள் என்கிறார்கள். மன்னரின் கட்டில் 64 வகை மூலிகை மரங்களால் ஆனது என்றும், டச்சுக்காரர்கள் தந்த பரிசு என்றும் சொல்கிறார்கள். இவை மூன்றாம் பத்தி. அரண்மனையின் மிகப் பழைய பகுதி எனப்படும் தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலா மரத்தில் கடைந்த தூண் ஒன்று உண்டு. நான்கு அடுக்குகளைக் கொண்ட உப்பிரிக்கை மாளிகையின் மேல்தளம் இறைவனுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி தேவியின் திருவுருவம் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் செல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அதற்கு முன் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு இந்த மாளிகையில்தான் நடக்கிறது.

நவராத்திரி மண்டபத்தில் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பக்கம் முழுவதும் மரச்சல்லடை. அரச குலப் பெண்கள் அதன் பின்னால் அமர்ந்து நடனமும் பாட்டும் கண்டனர். அவர்கள் சபையைப் பார்க்கலாம். சபை அவர்களைப் பார்க்கக் கூடாது. நான் ஒரு துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மண்டபத்தில் நின்ற தம்பியின் தலையும் ஒரு தூணின் பாதியும் மட்டுமே தெரிந்தன. அரண்மனையில் பிறந்த பெண்ணுக்கே உலகம் அவ்வளவுதான் தெரிந்தது.

அடுத்து ஊட்டுபுரை. மேலும் கீழும் இரண்டு நீண்ட கூடங்கள். ஒரு தளத்தில் ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணலாம் என்கிறார்கள். ஊறுகாய் வைக்கும் பெரிய பெரிய சாடிகள் இன்றும் இருக்கின்றன. இங்கே நாள்தோறும் அன்னதானம் நடந்தது. ஆனால் அது பிராமணர்களுக்கு மட்டுமே. மீன் பிடித்தவர்களும் பனை ஏறியவர்களும் வயலில் உழைத்தவர்களும் வரி கொடுத்தார்கள். பந்தியில் அவர்களுக்கு இடமில்லை. இதே நாட்டில்தான் மேலாடை அணியும் உரிமைக்காக ஏழைப் பெண்கள் 1822 முதல் போராடினார்கள். 1859-இல்தான் அரசாணை பிறந்தது. கோயில் கதவுகள் எல்லாருக்கும் திறக்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மாச்சி, "கொஞ்ச நேரம் இதுல இருக்கட்டுமா?" என்று கேட்டு, அந்தக் கூடத்தின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காவலாளி ஒருவர் பார்த்துவிட்டு, "இருங்கம்மா, இருங்க" என்று சொல்லிப் போய்விட்டார். நாங்களும் அம்மாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தோம். கையில் எடுத்துச் சென்றிருந்த தண்ணீரைக்கூட யாரும் அங்கே குடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். அவ்வளவுதான்.

மணலும் பாறையும்

தக்கலையில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் உண்டுவிட்டு, மீண்டும் கடலை நோக்கிச் சென்றோம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் வெள்ளையாக இல்லை; கறுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. மலைப்பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்த துகள்கள் இவை. அலை மேலே ஏறும்போது எல்லா மணலையும் கொண்டுவருகிறது. திரும்பும்போது எடை குறைந்த வெண்மணலை இழுத்துச் செல்கிறது. எடை மிகுந்த மணல் தங்கிவிடுகிறது. முறத்தில் புடைப்பது போலத்தான். இல்மனைட், மோனசைட் என்னும் தாதுக்கள் சாதாரண மணலைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமானவை. அறிவியல் பாடத்தில் படித்த அடர்த்தி இங்கே கரையில் கோடு போட்டுக் கிடந்தது.

இங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு, 1909-ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் அந்நாளில் கேஸ் விளக்கின் மேண்டிலுக்குப் பயன்பட்டது. இன்று மத்திய அரசின் மணல் ஆலை அங்கே இருக்கிறது. மிளகுக்காகக் கப்பல் வந்த கரைக்கு, பின்னாளில் மணலுக்காகக் கப்பல் வந்தது.

மாலையில் முட்டம். கலங்கரை விளக்கத்தின் கீழே பெரும் பாறைகள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. பாறை ஓரத்துக்குப் போகக் கூடாது என்று அம்மாச்சி தம்பியின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டார். சூரியன் அரபிக் கடலில் மறைந்ததும், வள்ளங்களில் ஒவ்வொன்றாக விளக்கு தெரிந்தது. "இனி அவங்களுக்கு வேலை தொடங்குது" என்றார் அம்மாச்சி.

செல்ல விரும்புவோருக்கு

1. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் மதிய இடைவேளை உண்டு; ஆகவே காலையிலேயே சென்றுவிடுங்கள்.

2. சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். படிகள் குறுகலும் செங்குத்துமானவை. முதியோரைக் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

3. வழிகாட்டியிடம் இடங்களையும் கட்டணத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதைக் கேட்பதோடு, "இது எப்படித் தெரியும், ஐயா?" என்றும் பணிவாகக் கேளுங்கள்.

4. வீட்டிலுள்ள தாத்தாவையோ பாட்டியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். கல்லிலும் ஏட்டிலும் இல்லாதது அவர்களிடம் இருக்கும்.

முடிவுரை

பூக்களைச் செதுக்கிய தச்சர்களின் பெயர் அரண்மனையில் எங்கும் எனக்குத் தென்படவில்லை. கடலோரத்தில் நின்ற மீனவர்களின் பெயரும் அப்படியே. டிலனாயின் பெயர் கல்லில் இருக்கிறது. மார்த்தாண்ட வர்மரின் பெயர் ஏட்டில் இருக்கிறது. மற்றவர்களுக்கு மூன்றாம் பத்தி ஒன்றுதான் மிச்சம். அதை எழுதி வைக்கும் வேலை நம்மைப் போன்ற மாணவியருக்கு உரியது என்று எண்ணுகிறேன். பெரியவர்கள் சொல்வதில் எது உண்மை, எது கதை என்று பிறகு ஆராயலாம்; எழுதி வைக்காவிட்டால் ஆராய ஒன்றும் இருக்காது.

தோழியரே, அடுத்த விடுமுறையில் எந்தக் கோட்டைக்கோ அரண்மனைக்கோ சென்றாலும் இந்த நான்கு கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இதைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? கட்டியவர் யார்? உள்ளே வர யாருக்கு உரிமை இருந்தது? யாருக்கு இல்லை? விடைகளை மூன்று பத்திகளாக எழுதிக்கொண்டு வாருங்கள். நம் வகுப்பில் ஒரு மாலை நேரம் எல்லாரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.